ஏழு டாலர் நோட்டும் குலா பறவைகளும்

ஃபிஜியில் ஏழு டாலருக்கு ஒரு நோட்டு இருக்கிறது. அச்சுப் பிழை எதுவும் கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஏழு பேர் ஆடும் ரக்பியில் ஃபிஜி ஆண்கள் தங்கம் வென்றார்கள். அந்த நாடு ஒலிம்பிக்கில் தொட்ட முதல் பதக்கமே அதுதான். அடுத்த வருடம் ரிசர்வ் வங்கி, கேப்டன் படத்தையும் பயிற்சியாளர் படத்தையும் போட்டு, ஏழு பேர் நினைவாக ஏழு டாலர் நோட்டு அடித்தது.

அதே ரியோவுக்கு ஃபிஜியின் கால்பந்து அணியும் போயிருந்தது. தென் கொரியாவிடம் 0–8, மெக்சிகோவிடம் 1–5, ஜெர்மனியிடம் 0–10. அந்த ஒற்றை கோலை அடித்தவர் ராய் கிருஷ்ணா. பிற்பாடு கொல்கத்தாவுக்கும் பெங்களூருவுக்கும் ஆடியதால், இந்தியன் சூப்பர் லீக் பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம். அவருடைய அணிக்கு யாரும் நோட்டு அடிக்கவில்லை. ரக்பிக்குப் பின்னால் கால்பந்து, ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் என்றால், ஃபிஜியின் பெண்கள் கால்பந்து அணி அந்த வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த அணிக்குச் செல்லப்பெயர் குலாஸ். குலா என்பது ஃபிஜியைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சின்னக் கிளி. மார்பு சிவப்பு, இறக்கை பச்சை, உச்சந்தலை கருநீலம். ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே இதன் சிவப்பு இறகுக்காக டோங்காக்காரர்களும் சமோவாக்காரர்களும் கடல் தாண்டி வியாபாரம் செய்திருக்கிறார்கள். அங்கே பெண்கள் மாதக்கணக்கில் முடையும் மெல்லிய பாயின் ஓரத்தில் இந்த இறகுகளைக் கோர்த்தால்தான் அதற்கு மதிப்பு. பசிபிக்கில் ஃபிஜியின் அடையாளமாக ஒரு பறவையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. பெயர் வைத்தவருக்கு ரசனை உண்டு.

பெயர் என்றதும் ஒரு சின்ன விஷயம். ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் ஃபிஜி மொழியில் 'டி' (d) எழுத்துக்கு முன்னால் 'ந்' ஒலிக்கும், 'பி'-க்கு (b) முன்னால் 'ம்' ஒலிக்கும். அதனால் வரைபடத்தில் நாடி என்று படிக்கத் தோன்றும் விமான நிலைய ஊர் உண்மையில் நாந்தி. லபாசா என்று தெரிவது லம்பாசா. 'சி' (c) என்று எழுதினால் 'த' என்று படிக்க வேண்டும். அணியின் முன்னணி ஆட்டக்காரர் 'சேமா' நசாவு உச்சரிப்பில் தேமா. ஆங்கில வர்ணனையாளர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலோ, மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் தானாகவே மெலிந்து ஒலிப்பதால், சரியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இனி அப்படியே எழுதுகிறேன்.

ஓஷியானியா நாடுகளுக்கான பெண்கள் கோப்பை முதன்முதலில் 1983-ல் நியூ கலிடோனியாவின் நூமேயாவில் நடந்தது. நான்கே நான்கு அணிகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூ கலிடோனியா, ஃபிஜி. பெண்களுக்கு உலகக் கோப்பை என்ற ஒன்றே 1991-ல்தான் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், ஃபிஜி பெண்கள் எவ்வளவு சீக்கிரம் களத்தில் இறங்கியிருக்கிறார்கள் என்பது புரியும். சரி, அடுத்த முறை எப்போது வந்தார்கள்? 1986-ல் இல்லை. 1989, 1991, 1994 எதிலும் இல்லை. 1998-ல் ஆக்லாந்தில் மறுபடி தலைகாட்டினார்கள். பதினைந்து வருட இடைவெளி. 1983-ல் ஆடிய ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு மகள் பிறந்திருந்தால், அந்த மகளே 1998 அணிக்குப் போயிருக்கலாம்.

அப்புறம் 2003-ல் இல்லை, 2007-ல் இல்லை, 2010-ல் வந்தார்கள், 2014-ல் இல்லை. ஆக 1983 முதல் 2018 வரை நடந்த பதினொரு கோப்பைகளில் ஃபிஜி பெண்கள் ஆடியது நான்கில் மட்டும். இந்த அணியைப் பற்றிப் பேசும்போது தோல்விக் கணக்கைவிட இந்த வராத கணக்கைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன். தேசிய அணி என்றதும் நம் மனத்தில் ஒரு தொடர்ச்சி தோன்றும்: மூத்தவர்கள் ஓய்வு பெறுவார்கள், இளையவர்கள் இடம் பிடிப்பார்கள், தெரிந்துகொண்டது கைமாறும். ஃபிஜியில் பல ஆண்டுகளுக்கு அந்தத் தொடர்ச்சியே இல்லை. ஒரு போட்டி வந்தால் ஆட்களைத் திரட்டினார்கள், போட்டி முடிந்தால் அணி கலைந்தது. அடுத்து எப்போது கூடுவோம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பம்.

ஏன் இப்படி? இங்கேதான் ஃபிஜியின் சொந்தக் கதை குறுக்கே வருகிறது. தமிழர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

1879 முதல் 1916 வரை பிரிட்டிஷார் கரும்புத் தோட்ட வேலைக்காக ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரான 'அக்ரிமென்ட்'டை 'கிர்மிட்' என்று உச்சரித்தார்கள்; வந்தவர்கள் கிர்மிட்டியர் ஆனார்கள். முதலில் எல்லாரும் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் வந்து சேர்ந்தார்கள். கவுண்டர், பிள்ளை, நாயுடு, ரெட்டி என்ற பெயர்கள் இன்றும் அங்கே சாதாரணம். ஆனால் பேசுவது ஃபிஜி இந்தி. 1926-ல் நாந்தியில் இவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றைக்கும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. நாந்தியின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் சங்கத்துடையதுதான். ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறையிலும் சங்கத்தின் மாநாடு நடக்கும். மாநாடு என்றால் மேடைப் பேச்சு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மாவட்டவாரியாக அணிகள் வந்து கால்பந்து ஆடும். நெட்பாலும் உண்டு.

ஃபிஜியில் கால்பந்து வளர்ந்த இடம் இந்தக் கரும்பு ஊர்கள்தான். 1938-ல் தொடங்கிய சங்கத்தின் பெயரே ஃபிஜி இந்தியர் கால்பந்துச் சங்கம். அந்த வருடமே மாவட்டங்களுக்கு இடையிலான கோப்பை ஆரம்பித்தது. முதல் கோப்பை ரேவாவுக்கு. இன்றும் அந்தப் போட்டி நடக்கிறது. ம்பா, லம்பாசா, லவ்டோக்கா, நாந்தி, சுவா என்று ஊர்ப்பற்று கொழுந்துவிட்டு எரியும் வாரம் அது. 1960-களின் தொடக்கத்தில்தான் பெயரிலிருந்து 'இந்தியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தார்கள். அதற்குள் ஊரில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது: ரக்பி, இதௌகேய் எனப்படும் பூர்வகுடி மக்களின் ஆட்டம், கால்பந்து இந்தியர்களின் ஆட்டம். ஆண்கள் கால்பந்தில் பூர்வகுடி இளைஞர்கள் பின்னர் நிறையவே வந்து சேர்ந்தார்கள். ஆனால் நிர்வாகமும் பணமும் கைதட்டும் கூட்டமும் பெரும்பாலும் இந்தியர் பக்கமே இருந்தன.

இப்போது ஒரு பெண் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் கிராமத்துப் பூர்வகுடிச் சிறுமி என்றால் கிராமத்து மைதானத்தில் அண்ணன் ரக்பி ஆடுவான், பள்ளியில் அவளுக்கு நெட்பால் இருக்கும். கால்பந்து இருப்பது கரும்பு ஊரில், வேறு மொழி பேசுகிறவர்கள் நடத்தும் கிளப்பில். கரும்பு ஊரில் பிறந்த இந்தியக் குடும்பத்துச் சிறுமி என்றால் பந்து வாசலிலேயே கிடக்கும், அப்பாவும் மாமாவும் சாப்பாட்டு நேரத்தில்கூட மாவட்டக் கோப்பையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் கால்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்திக்கு ஆட்டம் தூரம், இன்னொருத்திக்கு அனுமதி தூரம்.

இன்றைய குலாஸ் அணிப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் பூர்வகுடிப் பெயர்கள். நசாவு, தியலோவாய், தமனிதோவகுலா. நடுவில் வனிஷா குமார் என்று ஒரு பெயர் வரும்போது கண் ஒரு நொடி நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் இந்தியர்களின் ஆட்டம் என்று பெயர் எடுத்த ஒன்றை, பெண்கள் பக்கத்தில் பூர்வகுடிப் பெண்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆண்கள் இரண்டு தலைமுறையாகக் கட்டி வைத்த சுவரை இவர்கள் பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஃபிஜியின் அரசியல் ஆட்சிக்கவிழ்ப்புகளிலும் இனக் கணக்குகளிலும் எத்தனை முறை சிக்கியது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

சுவர் ஒன்று என்றால் கடல் இன்னொன்று. ஓஷியானியா கூட்டமைப்பில் பதினொரு முழு உறுப்பினர்கள். மேற்கு ஓரத்தில் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பி, கிழக்கு ஓரத்தில் தஹிதியின் பப்பீட்டே. இரண்டுக்கும் நடுவே ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் மேற்கே பறந்தால் ஐரோப்பாவுக்குள் போய்விடலாம். இந்தத் தூரத்தில் நேர் விமானங்கள் குறைவு. பக்கத்துத் தீவுக்குப் போகவே பல நேரம் ஆக்லாந்தைச் சுற்ற வேண்டும். போதாததற்கு நடுவில் தேதிக் கோடு. நாந்தியில் சனிக்கிழமை காலை விமானம் ஏறி குக் தீவுகளுக்குப் போனால் வெள்ளிக்கிழமை போய் இறங்குவீர்கள். வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் இருபது பேருக்கு டிக்கெட், தங்குமிடம், விசா எல்லாம் பார்க்கும் மேலாளருக்குச் சிரிப்பு வராது.

விசா என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கான ஓஷியானியா தகுதிச் சுற்றில் பப்புவா நியூ கினி பெண்களும் நியூசிலாந்துப் பெண்களும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஆட்டத்தில் நியூசிலாந்து 7–1 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. விசா சிக்கலால் பப்புவா நியூ கினி விலகிக்கொண்டது. ஒலிம்பிக் வாசல்வரை வந்த ஓர் அணி திரும்பிப் போனது இப்படித்தான்.

ஆடாமல் இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஃபிஃபா தரவரிசையில் நீடிக்க வேண்டுமென்றால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பல காலம் விதி 18 மாதம் என்று இருந்தது. அதற்குள் ஓர் ஆட்டமாவது ஆடாத அணியின் பெயரைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். பசிபிக் தீவுகளின் பெண்கள் அணிகள் பட்டியலில் வருவதும் மறைவதுமாக இருந்ததற்கு இதுதான் காரணம். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன மாதிரி. ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை.

இனி எதிராளிகளைப் பார்ப்போம். 1991 முதல் 2019 வரை ஓஷியானியாவிலிருந்து பெண்கள் உலகக் கோப்பைக்குப் போகும் ஒற்றை இடத்தை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தவிர யாரும் தொட்டதில்லை. 1998 அக்டோபர் 9-ம் தேதி ஆக்லாந்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள்: ஆஸ்திரேலியா 21, அமெரிக்க சமோவா 0; நியூசிலாந்து 21, சமோவா 0. இரண்டு நாடுகளுக்கும் அதுதான் இன்றுவரை மிகப்பெரிய வெற்றி. தொண்ணூறு நிமிடத்தில் இருபத்தொரு கோல் என்றால் நாலே கால் நிமிடத்துக்கு ஒன்று. கோல் வாங்கிய பிறகு பந்தை எடுத்து வந்து நடுவில் வைத்து மறுபடி தொடங்கும் நேரத்தையும் கழித்துவிட்டால், அந்தப் பெண்கள் காலில் பந்து தங்கிய நேரம் எவ்வளவு இருந்திருக்கும்?

2006-ல் ஆஸ்திரேலியா ஓஷியானியாவை விட்டு ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிக்கொண்டது. பெரிய மீன் போனதும் குளத்தில் சிறிய மீன்களுக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது நியூசிலாந்துக்கு மட்டும். 2007 முதல் 2018 வரை நான்கு கோப்பைகளையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள், உலகக் கோப்பை இடத்தையும் சேர்த்து. ஆனால் இதே நியூசிலாந்து உலகக் கோப்பையில் போட்ட போடு என்ன தெரியுமா? 2019 வரை ஐந்து உலகக் கோப்பைகள், பதினைந்து ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை. முதல் வெற்றி 2023-ல், சொந்த ஊர் ஆக்லாந்தில், நார்வேக்கு எதிராக 1–0. தீவுகளை எட்டும் பத்துமாக அடித்து நொறுக்கும் அணிக்கே உலக மேடையில் முதல் வெற்றிக்கு 32 ஆண்டுகள் ஆயின. படிக்கட்டில் கீழ்ப்படி மேல்படியைப் பார்க்கும் தூரம் இது. ஃபிஜி நிற்பது அதற்கும் சில படி கீழே.

இந்தப் பின்னணியில் 2018-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் லவ்டோக்காவில் நடந்த தகுதிச் சுற்றில் ஃபிஜி முதலிடம். நவம்பரில் நியூ கலிடோனியாவில் நடந்த கோப்பையில் அரையிறுதியில் எதிரே பப்புவா நியூ கினி. பசிபிக் விளையாட்டுகளில் பெண்கள் கால்பந்து 2003-ல், ஃபிஜியின் சுவாவிலேயே, முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து தங்கம் முழுக்க பப்புவா நியூ கினிக்குத்தான். 2003, 2007, 2011, 2015 என்று நான்கு முறை வென்றிருந்தார்கள், 2019-ல் ஐந்தாவதும் வென்றார்கள். தீவுகளில் அவர்களை அசைக்க ஆள் இல்லை என்பதுதான் பேச்சு. அவர்களை ஃபிஜி 5–1 என்று வென்றது. இறுதியில் நியூசிலாந்திடம் 0–8 என்று தோற்றது உண்மை. ஆனால் அந்த 5–1-ஐப் பார்த்த பிறகு குலாஸ் அணியைக் கலைத்துவிட்டு அடுத்த பத்து வருடம் தூங்குவது முடியாத காரியம் ஆகிவிட்டது.

2022-ல் கோப்பை ஃபிஜிக்கே வந்தது. நியூசிலாந்து 2023 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து நடத்தியதால் அவர்களுக்கு நேரடி இடம் இருந்தது. ஓஷியானியா கோப்பைக்கு வரவில்லை. முதன்முறையாகத் தீவு அணிகளுக்குள் மட்டும் பந்தயம். வெல்கிற அணி உலகக் கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்குப் போகலாம். ஜூலை 30, சுவா மைதானம், சொந்த மக்கள் முன்னால் ஃபிஜி, எதிரே மறுபடியும் பப்புவா நியூ கினி. நான்கு வருடத்துக்கு முந்தைய கணக்கை அவர்கள் தீர்த்துக்கொண்டார்கள்: 2–1. வென்றவர்கள் 2023 பிப்ரவரியில் நியூசிலாந்துக்குப் போய் பனாமாவிடம் 0–2 என்று தோற்றார்கள். அங்கே போயிருந்தால் ஃபிஜியும் அநேகமாகத் தோற்றிருக்கும். ஆனால் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போகாமல் விட்டது உறுத்தத்தான் செய்யும்.

பப்புவா நியூ கினி அந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதைக் கவனித்தால் ஃபிஜியின் அடுத்த கட்டம் விளங்கும். 2016-ல் இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையை போர்ட் மோர்ஸ்பியில் நடத்தினார்கள். நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே இடம். அமெரிக்கப் பயிற்சியாளர் லிசா கோல் அணியைத் தயார் செய்தார். முடிவு: பிரேசிலிடம் 0–9, ஸ்வீடனிடம் 0–6, வட கொரியாவிடம் 1–7. அந்த ஒரு கோல் நிக்கோலெட் அகேவா அடித்தது. வட கொரியாதான் அந்தக் கோப்பையையே வென்றது என்பதால் அந்தக் கோலின் எடை கொஞ்சம் அதிகம். மூன்று ஆட்டத்தில் 22 கோல் வாங்கிய நாடு, ஆறு வருடத்தில் ஓஷியானியா சாம்பியன். லிசா கோல் பிறகு ஃபிஜிக்கு வந்து குலாஸ் அணிக்கும் பயிற்சி கொடுத்தார்.

ஃபிஜியின் முறை 2024-ல் வந்தது. அதே இருபது வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை, இம்முறை கொலம்பியாவில். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த ஏஞ்சலின் சுவா. குலுக்கலில் விழுந்த குழு பிரேசில், பிரான்ஸ், கனடா. இதைவிடக் கொடுமையான குழு அமைய வாய்ப்புக் குறைவு. பிரேசிலிடம் 0–9, கனடாவிடம் 0–9, பிரான்சிடம் 0–11. மொத்தம் 29 கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் திரும்பினார்கள்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு இப்படிப்பட்ட அணிகளை எதற்கு உலகக் கோப்பைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. பிரான்சில் அந்த வயதுப் பெண் கிளப் அகாடமியில் வளர்ந்து, வாரம் தவறாமல் போட்டி ஆட்டம் ஆடிவிட்டு வருகிறாள். ஃபிஜிப் பெண் பாதி தூரம் கடலால் துண்டான ஒரு லீகில், தன்னைவிட மெதுவான எதிராளிகளோடு ஆடிவிட்டு வருகிறாள். உலகத் தரத்து வேகம் என்பதை அவள் முதல் தடவையாகப் பார்ப்பதே உலகக் கோப்பை ஆட்டத்தின் முதல் நிமிடத்தில்தான். பந்து வந்ததும் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஊரில் இரண்டு நொடி கிடைக்கும். பிரேசில்காரி அரை நொடிகூடத் தரமாட்டாள். அந்த ஒன்றரை நொடியைப் பயிற்சி முகாமில் கற்றுத்தர முடியாது, ஆடித்தான் கற்க வேண்டும். 0–11 என்ற எண்ணில் 1986 முதல் 2014 வரை நடக்காமல் போன ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.

பணம் இல்லையா என்றால், முன்பு மாதிரி இல்லை. ஃபிஃபாவின் வளர்ச்சி நிதியில் 2023 முதல் 2026 வரையிலான சுற்றில் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் 80 லட்சம் அமெரிக்க டாலர் வரை ஒதுக்கீடு உண்டு. ஒன்பது லட்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு இது கணிசமான தொகை. புல்தரை போடலாம், பயிற்சியாளரைக் கூட்டி வரலாம், இளையோர் அணியை ஓராண்டு முழுக்கச் சேர்த்து வைத்திருக்கலாம். ஆனால் எதிராளியை எங்கிருந்து வாங்குவது? பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைப் போலவே பயணச் செலவுக்கு அல்லாடுகிறவர்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் தேதிகளை அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் ஆடச் செலவழிக்கும். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்கிடையில் உள்ளூரிலேயே ஒரு பெரிய போட்டியாளர் வளர்ந்துவிட்டார். ஆண்கள் தங்கம் வாங்கிக் கொடுத்த ரக்பி, பெண்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஃபிஜியானா என்று அழைக்கப்படும் பெண்கள் எழுவர் அணி டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. 2022-ல் ஃபிஜியன் துருவா பெண்கள் அணி ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ போட்டியில் முதன்முறையாக நுழைந்து, முதல் வருடமே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அடுத்த வருடமும் அப்படியே. வேகமாக ஓடுகிற, தோள் வலுவுள்ள பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தால், எந்தப் பந்தை எடுப்பாள்? உருண்டைப் பந்தா, முட்டைப் பந்தா? முன்பு பெண் பிள்ளைக்கு இது வேண்டாம் என்ற வீட்டுத் தடையைத்தான் கால்பந்து தாண்ட வேண்டியிருந்தது. இப்போது நாடே கொண்டாடும் இன்னொரு ஆட்டத்தோடு ஆள் பிடிக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முதல் பிரச்சினையைவிட இது நல்ல பிரச்சினை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பக்கத்துத் தீவுகளும் சும்மா இருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சமோவாவின் ஆப்பியாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று இறுதிக்கு வந்தது சாலமன் தீவுகள். அங்கே நியூசிலாந்திடம் 0–11 என்று தோற்றார்கள். 2025 ஜூலையில் ஓஷியானியா கோப்பை மறுபடி ஃபிஜியில் நடந்தபோது கோப்பையைக் கொண்டுபோனவர்கள் அதே சாலமன் தீவுப் பெண்கள்தான். ஃபிஜி இரண்டு முறை விருந்து வைத்தது, இரண்டு முறையும் விருந்தாளிகளே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 2027-ல் பிரேசிலில் நடக்கும் உலகக் கோப்பைக்கு ஓஷியானியாவுக்கு ஒரு நேரடி இடம், அதோடு இன்னோர் அணிக்குக் கடைசிச் சுற்று வாய்ப்பு என்று ஒதுக்கீடு. நேரடி இடம் நியூசிலாந்து மீது கண் வைத்து எழுதியது போலத்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது இடத்துக்குத்தான் தீவுகளுக்குள் இவ்வளவு முட்டல் மோதல்.

2023-ல் ஓஷியானியா பெண்கள் சாம்பியன்ஸ் லீக் என்று கிளப் அணிகளுக்கும் ஒரு போட்டி தொடங்கினார்கள். முதல் முறை ஃபிஜி சார்பில் போனது லம்பாசா. ராய் கிருஷ்ணாவின் ஊரும் இதுதான். சர்க்கரை ஆலையும் கரும்பு ரயிலும் தென்னிந்தியக் குடும்பங்களும் உள்ள இந்த ஊர் இருப்பது ஃபிஜியின் இரண்டாவது பெரிய தீவான வனுவா லேவுவில். தலைநகர் சுவா இருப்பதோ விதி லேவுவில். லம்பாசாப் பெண்கள் சுவாவில் ஓர் ஆட்டம் ஆட வேண்டுமென்றால், முதலில் மலையேறி இறங்கும் சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் சவுசவு துறைமுகத்துக்கு வர வேண்டும். அப்புறம் ராத்திரிக் கப்பல். பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் காலை நீட்டிப் படுத்தால், விடியும்போது சுவா வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும்.